பெருவெடிப்பு பொய்யாகிவிட்டதா? கேலக்ஸிகள் உருவாகும் விதமும் ஜேம்ஸ் வெப் எழுப்பிய கேள்வியும்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் படம் அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ‘இத்தனை பழைய காலத்தில் இத்தனை பிரகாசமான கேலக்ஸி இருக்கவே கூடாது’ என்பதுதான் அது. பிரபஞ்சத்தின் தொடக்கமான பெருவெடிப்பு நடந்து வெறும் 28 கோடி ஆண்டுகளில் ஒளிவிட்டுக்கொண்டிருந்த மாம்-இசட்14 என்ற கேலக்ஸி 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயது இருந்தபோதே அழகாகச் சுருள் விரித்து நின்ற ஒரு கேலக்ஸியைப் புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மைய ஆய்வாளர்கள் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் கண்டுபிடித்து, அதற்கு அளகநந்தா என்று பெயரிட்டார்கள். இதெல்லாம் வாட்ஸ்அப்புக்கு வரும்போது ‘பெருவெடிப்புக் கொள்கை உடைந்தது’ என்று மாறிவிடுகிறது.

உடையவில்லை. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எங்கள் குமரி மாவட்டத்தின் முட்டம் கரையில் அமாவாசை இரவில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் தொழில் செய்யும் படகுகளின் விளக்குகள் மட்டும் வரிசையாகத் தெரியும். விளக்குகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், படகுகளைப் பற்றியும் மீன் இருக்கும் இடத்தைப் பற்றியும் நம் கணிப்பு தப்பியிருக்கலாம். அதற்காகக் கடலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பிரபஞ்சத்திலும் பொருள் எங்கே, எவ்வளவு திரண்டது என்பது ஒரு கேள்வி. திரண்ட இடத்தில் நட்சத்திரங்கள் எப்போது, எவ்வளவு வேகமாக எரியத் தொடங்கின என்பது வேறு கேள்வி. ஜேம்ஸ் வெப் உலுக்கியிருப்பது இரண்டாவதை. ஏன் என்று விளங்க அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் அளவுகள்

ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஒரு ஒளியாண்டு. கிலோமீட்டரில் சுமார் 9.46 லட்சம் கோடி. கேலக்ஸி என்பது ஈர்ப்பு விசையால் கட்டுண்ட கோடிக்கணக்கான நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் சேர்ந்த கூட்டம். நம்முடைய பால்வீதி சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். அடுத்த பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சேர்ந்திருந்தால் கொத்து. கொத்துகள் பல சேர்ந்த பரப்பு பெருங்கொத்து. கொத்துகளை இணைத்து நீளும் கேலக்ஸி வரிசைகளுக்கு இழை என்று பெயர். இழைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்றுமில்லாத பெரும்பரப்புகள் இருக்கின்றன. அவற்றை வெறுமை என்போம். இந்த மொத்த அமைப்பைத்தான் பிரபஞ்ச வலை என்கிறார்கள். வலை என்றதும் விரித்துக் காட்டிய, கண்கள் சீராக உள்ள வலையை நினைக்க வேண்டாம். மீன்பிடித்து வந்து கரையில் அள்ளிப் போட்ட வலைக் குவியல் இதற்கு இன்னும் நெருக்கம். எல்லாத் திசையிலும் நூல்கள், ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, சில இடங்களில் நூல்கள் கூடித் தடித்த முடிச்சு.

விதை: லட்சத்தில் ஒரு பங்கு

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். முதல் 3.8 லட்சம் ஆண்டுகள் அது பிளாஸ்மா என்னும் சூடான குழம்பாக இருந்தது. எலக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிந்ததால் ஒளி எந்தத் திசையிலும் நேராகப் போக முடியவில்லை. வெப்பம் சுமார் 3,000 டிகிரிக்கு இறங்கியபோது எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. ஒளி விடுபட்டது. அந்த ஒளியே இன்று நுண்ணலைப் பின்னணியாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. பென்சியாஸ், வில்சன் இருவரின் கண்டுபிடிப்பாக 1965இல் வெளியான இதன் வெப்பநிலை, அதற்குக் கீழே குளிரே இல்லாத முழுப்பூஜ்யத்துக்கு மேல் 2.7 டிகிரி.

அது எல்லா இடத்திலும் முழுக்கச் சமமாக இருந்திருந்தால் நாம் இல்லை. 1992இல் கோபி செயற்கைக்கோள் அந்தப் பின்னணியில் மிக மெல்லிய வேறுபாட்டைக் கண்டது. லட்சத்தில் ஒரு பங்கு அளவு இங்கே கூடுதல், அங்கே குறைவு. பின்னர் வந்த டபிள்யூமேப், 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் ஆகிய செயற்கைக்கோள்கள் அதைப் புள்ளி புள்ளியாக வரைந்து காட்டின. இன்று வானில் காணும் ஒவ்வொரு கொத்தும் இழையும் இந்த மெல்லிய ஏற்றத்தாழ்விலிருந்து முளைத்தவை.

பள்ளத்தை நோக்கியே தண்ணீர்

அருமனை, குலசேகரம் பக்கம் புதிதாக வெட்டித் திருத்திய செம்மண் சரிவை இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் பார்த்தவர்களுக்கு இந்த விதி விளங்கும். மழைக்கு முன் சரிவு மட்டமாகத்தான் தெரியும். முதல் மழையில், விரல் கனம்கூட இல்லாத ஒரு தாழ்வுக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் மண்ணை அரிக்கும். அரித்ததால் தாழ்வு ஆழமாகும். ஆழமானதால் அடுத்த மழையில் இன்னும் அதிகத் தண்ணீர் அங்கேயே வரும். பருவம் முடியும்போது சில ஓடைகள் முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருக்கும். இடையில் உள்ள மண் மேடாக நிற்கும்.

ஈர்ப்பு விசையும் இப்படித்தான் வேலை செய்கிறது. சற்று அடர்த்தி கூடிய இடம் அக்கம்பக்கத்துப் பொருளைக் கூடுதலாக இழுக்கும். இழுத்ததால் அடர்த்தி கூடும், மறுபடி இழுக்கும். அடர்த்தி குறைந்த இடமோ இருந்ததையும் இழந்து வெறுமையாகும். சரிவில் இல்லாத ஒரு தடை இங்கே உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. அந்த விரிவு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போகும்போது ஈர்ப்பு சேர்க்கப் பார்க்கிறது. அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும்.

கணக்கு உதைக்கும் இடம்

இதுதான் இந்தத் துறையின் மையம் என்று நினைக்கிறேன். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், எவரும் சரிபார்க்கலாம்.

1. நுண்ணலைப் பின்னணி விடுபட்ட காலத்திலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது.

2. பொருளின் ஈர்ப்பு மேலோங்கிய காலத்தில், சிறிய ஏற்றத்தாழ்வு ஒன்று பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிகிறதோ ஏறத்தாழ அத்தனை மடங்குதான் வளரும்.

3. லட்சத்தில் ஒரு பங்கை 1,100ஆல் பெருக்கினால் நூற்றில் ஒரு பங்கு வரும். சற்றுத் தாராளமாகக் கணக்கிட்டாலும் நூற்றில் சில பங்குகள்தான்.

4. ஓர் இடம் விரிவை மீறித் தன்னுள் சரிந்து விழ, அங்கே அடர்த்தி சராசரியைவிட ஏறக்குறைய இரு மடங்காவது ஆக வேண்டும். முழுதாகத் திரண்டு நிலைபெற்ற பொதியின் அடர்த்தி சராசரியைப் போல் சுமார் 200 மடங்கு.

அதாவது, நமக்குத் தெரிந்த அணுக்கள் மட்டுமே இருந்திருந்தால் இன்றைக்கும் பிரபஞ்சம் நூற்றில் சில பங்கு மேடுபள்ளத்தோடு மந்தமான மூட்டமாக இருந்திருக்கும். ஒரு கேலக்ஸிகூட உருவாகியிருக்காது.

கணக்கைச் சரிசெய்வது இருண்ட பொருள். இது ஒளியை வெளியிடாது, உறிஞ்சாது, தடுக்காது. ஈர்ப்பு மட்டும் உண்டு. கணக்கை ஒப்பேற்றுவதற்காகக் கற்பித்துக்கொண்டதல்ல இது. கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் நிறை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933இலேயே சொன்னார். ஆண்ட்ரோமீடாவின் ஓரத்தில் சுழலும் வாயுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போவதை வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் அளந்தார்கள். அது என்ன துகள் என்பது இன்னும் பிடிபடவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் அணுக்கள் சுமார் 5 சதவீதம், இருண்ட பொருள் சுமார் 27 சதவீதம், மீதி, விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல்.

குழம்பு நிலையில் அணுப்பொருளை ஒளியின் அழுத்தம் சேரவிடாமல் உதறிக்கொண்டிருந்தது. இருண்ட பொருளுக்கு ஒளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அதனால் பெருவெடிப்புக்குச் சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பின், பொருளின் ஈர்ப்பு கை ஓங்கிய உடனே, அது திரளத் தொடங்கிவிட்டது. 3.8 லட்சம் ஆண்டில் அணுக்கள் விடுதலையானபோது பள்ளங்கள் ஏற்கெனவே வெட்டித் தயாராக இருந்தன. அணுக்கள் அவற்றில் விழுந்தன. இந்தத் துறைக்கு 1993இல் விரிவான பாடநூல் எழுதிய தாணு பத்மநாபன் நமக்கு அடுத்த ஊரான திருவனந்தபுரத்தில் பிறந்தவர்.

தகடு, இழை, கணு

திரளும்போது ஏன் உருண்டைகளாக மட்டும் திரளாமல் வலையாக ஆகிறது? சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்தோவிச் 1970இல் தந்த விடை எளிமையானது. எந்தத் திரளும் முழு உருண்டையாகத் தொடங்குவதில்லை. மூன்று திசைகளில் ஒன்றில் சற்று ஒடுங்கியிருக்கும்.

1. ஒடுங்கிய திசையில் முதலில் சரியும். மிஞ்சுவது ஒரு தகடு.

2. அடுத்த திசையிலும் சரிந்தால் தகடு சுருண்டு இழையாகும்.

3. மூன்றாம் திசையிலும் சரிந்தால் இழை திரண்டு கணுவாகும். கேலக்ஸிக் கொத்துகள் இருப்பது இந்தக் கணுக்களில்.

இழைகள் வழியே வாயுவும் சிறு கேலக்ஸிகளும் கணுவை நோக்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, வாய்க்கால் வழியே குளத்துக்குத் தண்ணீர் போவதுபோல.

விளக்கு ஏறுவது எப்போது?

இருண்ட பொருள் திரண்டு பொதியாகிவிட்டது. அதற்குள் விழுந்த ஹைட்ரஜன், ஹீலியம் வாயு ஒன்றோடொன்று மோதிச் சூடாகிறது. சூடான வாயு ஒளியை உமிழ்ந்து வெப்பத்தை இழக்கும். வெப்பம் போனால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் வாயு மையத்தை நோக்கி அமிழும். இருண்ட பொருளால் ஒளி உமிழ முடியாததால் அது விரிந்த பொதியாகவே வெளியில் நிற்கும். மணவாளக்குறிச்சி கரையில் ஒரே அலை கறுப்பு இல்மனைட் மணலை ஒரு வரியாகவும் வெள்ளை மணலை வேறு வரியாகவும் பிரித்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பிரிப்பது எடை. இங்கே பிரிப்பது வெப்பத்தை உதறும் திறன். அமிழும் வாயுவுக்குச் சிறிது சுழற்சி இருந்தால் மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி வேகமெடுத்துத் தட்டாகும். அந்தத் தட்டில் நட்சத்திரங்கள் பிறக்கும்.

இந்தப் படத்தை மார்ட்டின் ரீஸும் சைமன் ஒயிட்டும் 1978இல் எழுதினார்கள். அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆனால் விவரம் சிக்கலானது. பிறந்த பெரிய நட்சத்திரங்கள் வெடித்து மீதி வாயுவை வெளியே தள்ளும். மையத்தில் வளரும் கருந்துளை வாயுவைச் சூடாக்கி ஆறவிடாமல் செய்யும். பால்வீதி அளவுள்ள பொதியில்கூட, கிடைத்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நட்சத்திரமாவதில்லை. ஈர்ப்புக் கணக்கைத் தாளில் போட முடியும். இந்த வாயுக் கணக்கை அப்படிப் போட முடியாது.

ரப்பர் ஷீட்டில் நின்ற குமிழி

இதெல்லாம் நடந்ததற்கு நேரடித் தடயம் உண்டா? உண்டு. ரப்பர் விளையும் நம் மாவட்டத்து மேற்குப் பகுதிக்காரர்களுக்கு அதை எளிதில் சொல்லலாம்.

ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து வைத்தால் உறையும். உறைவதற்கு முன் மேலே நிற்கும் நுரையை வழித்தெடுக்க வேண்டும். விட்டால் குமிழி அப்படியே உறைந்து தடமாகிவிடும். மறுநாள் அந்தக் கட்டியை ஷீட் அடிக்கும் மெஷினில் விட்டால் ஷீட் நீள நீளக் குமிழியின் தடமும் சேர்ந்து நீளும். முன்னர் அதன் அளவு என்ன, இப்போது என்ன என்று தெரிந்தால் ஷீட் எத்தனை மடங்கு நீண்டது என்று சொல்லிவிடலாம்.

ஆரம்பக் குழம்பில் அடர்த்தி கூடிய ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒலியலை வட்டமாக வெளியே பரவியது. வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல். 3.8 லட்சம் ஆண்டில் அணுக்கள் உருவாகி ஒளியின் அழுத்தம் நீங்கியதும் அலை நின்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்குள் அது மையத்திலிருந்து சுமார் 4.5 லட்சம் ஒளியாண்டு வந்திருந்தது. 3.8 லட்சம் ஆண்டில் எப்படி இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். அலை ஓடியது போக, அது ஏற்கெனவே கடந்துவந்த வெளியும் இடையில் விரிந்தது. பிறகு அந்த வளையம் பிரபஞ்சத்தோடு 1,100 மடங்கு விரிந்து இன்று ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் எந்தக் கேலக்ஸியிலிருந்து அளந்தாலும் அந்தத் தூரத்தில் இன்னொரு கேலக்ஸி இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

2005இல், கேலக்ஸிகளை வரைபடமாக்கும் ஸ்லோன் ஆய்வும் ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த 2டிஎஃப் ஆய்வும் தனித்தனியே அளந்தபோது வளையம் அங்கே இருந்தது. ஸ்லோன் குழு இதற்குப் பயன்படுத்தியவை சுமார் 46,000 சிவப்புக் கேலக்ஸிகள். குழம்பு நிலை, உறைதல், விரிவு மூன்றும் நடந்திருந்தால் மட்டுமே அந்த வளையம் அங்கே இருக்க முடியும். பெருவெடிப்பு பொய் என்பவர்கள் முதலில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

கண்ணில் பட்ட வலை

வலை கணக்கில் மட்டும் இருப்பதல்ல. கேலக்ஸிகளின் ஒளி எவ்வளவு சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று அளந்து தொலைவைக் கணித்து முப்பரிமாண வரைபடம் போட்டபோது, 1981இல் பூட்டஸ் வெறுமையும் 1989இல் மார்கரெட் கெல்லரும் ஜான் ஹுக்ராவும் அறிவித்த ‘பெருஞ்சுவரும்’ தெரியவந்தன. சுவரின் நீளம் சுமார் 50 கோடி ஒளியாண்டு. மீனராசித் திசையில் 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள சரஸ்வதி பெருங்கொத்தை 2017இல் இந்திய ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவில் தொடுபுழாவிலுள்ள ஒரு கல்லூரியின் பேராசிரியரும் இருந்தார். 2005இல் மில்லினியம் என்ற கணினி மாதிரி சுமார் 1,000 கோடி இருண்ட பொருள் துகள்களை ஈர்ப்பு விதிக்கு விட்டுப் பார்த்தது. கிடைத்த படத்தையும் வான வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்வது கடினம்.

இனி ஜேம்ஸ் வெப்

28 கோடி ஆண்டில் பிரகாசமான கேலக்ஸி இருந்தால் எது இடிக்கிறது? அந்தக் காலத்தில் எத்தனை பொதிகள் இருந்திருக்க வேண்டும் என்பதை ஈர்ப்புக் கணக்கு சொல்கிறது. இதுவரை கிடைத்த கேலக்ஸிகள் அந்தப் பொதிகளில் அடங்கிவிடும். இடிப்பது, ஒரு பொதியிலிருந்து இவ்வளவு ஒளி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான். ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்கள் எல்லாமே விளக்கு பற்றியவை.

1. அன்றைய பொதிகள் சிறியவை, அடர்த்தி மிக்கவை. வாயுவை வெளியே தள்ள நேரம் கிடைப்பதற்குள் பெரும்பகுதி நட்சத்திரமாகியிருக்கலாம்.

2. நட்சத்திரப் பிறப்பு சீராக இல்லாமல் திடீர் திடீரென்று பொங்கியிருக்கலாம். பொங்கும் நேரத்தில் இருப்பவையே நம் கண்ணில் படும்.

3. ஆரம்ப நட்சத்திரங்களில் கனமான தனிமங்கள் இல்லாததால் அவை மிகப் பெரியதாக வளர்ந்திருக்கலாம். அப்படியானால் குறைந்த நிறையிலேயே அதிக ஒளி வரும்.

4. சிலவற்றில் ஒளியின் ஒரு பகுதி, வாயுவை விழுங்கும் கருந்துளையின் சுற்றுப்புறத்திலிருந்து வரலாம்.

என் பார்வையில் முதல் இரண்டுக்கும் வலு அதிகம். நான்காவது சில கேலக்ஸிகளுக்கு உறுதியாகப் பொருந்துகிறது. 2022இல் பரபரப்பான சில நிறைக் கணிப்புகள், ஒளியைப் பிரித்துப் பார்த்த பிறகு குறைந்தும் போயின. ஈர்ப்புக் கணக்கு அனுமதிக்கும் பொதிகளைவிட அதிகமாகக் கேலக்ஸிகள் கிடைக்கும் நாள் வந்தால் அன்று கொள்கைக்கு உண்மையான நெருக்கடி.

அப்படி ஒரு நெருக்கடி வேறு திசையிலிருந்து வரக்கூடும். டெசி என்ற ஆய்வு 5,000 ஒளியிழைகளைக் கொண்டு ஒன்றரைக் கோடிக்கு நெருக்கமான கேலக்ஸிகளையும், குவாசர்கள் என்னும் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களையும் அளந்து, மேலே சொன்ன அதே வளையத்தை வெவ்வேறு காலங்களில் ஒப்பிட்டது. விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் மாறாத ஒன்று என்று நம்பியிருந்தோம். அது காலப்போக்கில் வலுவிழப்பதாக 2024, 2025 முடிவுகள் சாடை காட்டுகின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு இன்னும் உறுதியில்லை. இருண்ட ஆற்றல் வலுவாகவே நீடித்தால் கொத்துகள் ஒன்றையொன்று விட்டு விலகி, வலை புதிதாகப் பின்னப்படுவது நின்றுபோகும். குறைந்தால் பின்னல் இன்னும் தொடரும்.

அகத்தியருக்குக் கீழே ஒரு புகைத்திட்டு

சிறியது பெரியதில் விழுந்து கேலக்ஸிகள் வளர்கின்றன. இதில் ஒரு காட்சியைக் குமரி மாவட்டத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். டெல்லியில் பார்க்க முடியாது. அங்கே அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

ஜனவரி பிற்பகுதி, பிப்ரவரி தொடக்கத்தில் நிலவில்லாத இரவு, எட்டரை ஒன்பது மணி. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஊர் விளக்குக்கு ஒதுங்கி, தெற்கே கடல் மட்டும் தெரியும் கரையில் நிற்க வேண்டும். தென்வானில் மிகப் பிரகாசமாக நிற்பது அகத்திய நட்சத்திரம். அதிலிருந்து கீழே, சற்று வலப்புறமாக, கையை நீட்டினால் ஒன்றரை முஷ்டிக்குச் சற்று அதிகமான தூரத்தில் தேடுங்கள். கடலிலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே மங்கலான புகைத்திட்டு ஒன்று இருக்கும். கடல் மூட்டம் இருந்தால் பைனாகுலர் வேண்டும்.

அது பெரிய மெகல்லன் மேகம். 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள தனிக் கேலக்ஸி. பால்வீதியின் ஈர்ப்பில் சிக்கியிருக்கிறது. அதன் வாயு பிய்ந்து வானத்தின் குறுக்கே நீண்ட தாரையாகக் கிடக்கிறது. இன்னும் சுமார் 200 கோடி ஆண்டில் அது பால்வீதிக்குள் கரைந்துவிடும் என்பது இன்றைய கணிப்பு. பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் மோதுவது நிச்சயம் என்று வெகுகாலம் எழுதிவந்தோம். இந்த மேகத்தின் இழுப்பையும் கணக்கில் சேர்த்த 2025ஆம் ஆண்டு ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் அந்த மோதலுக்குச் சரிபாதி வாய்ப்புத்தான் என்கிறது.